அட்டைச்சோலையில் பிடுங்கிய கன்றுகள்

சின்னம்மையிடம் என் பருப்பு ஒருநாளும் வெந்ததில்லை. பந்தலூர் பஜாரில் முப்பத்தோரு வருடமாக மனு டைப் அடித்துக் கொடுக்கிறவன் நான். பட்டா கேட்டும், பென்ஷன் கேட்டும், யானை மிதித்த வாழைக்கு இழப்பீடு கேட்டும் வருகிறவர்கள் எல்லோரும் நான் சொல்வதைக் கேட்பார்கள். "இதை எழுதினா வேலைக்கு ஆகாது, அதை எழுதுவோம்" என்றால் தலையாட்டுவார்கள். தலையாட்டாத ஒரே ஆள் சின்னம்மை. அவரோடு நான் போட்ட சண்டை அளவுக்கு என் வீட்டுக்காரியோடுகூடப் போட்டதில்லை. அவரைப் பற்றி எழுத எனக்கு இருக்கிற தகுதி இதுதான்.

அவர் சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர். வயது அறுபதைத் தொடுகிறது. ஏழு வயதில் இலங்கையிலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தார். மண்டபம் முகாமில் பதினோரு நாள், பிறகு ரயில், பிறகு லாரி, பிறகு இந்த மலை. அந்தக் கதையை யாராவது உருக்கமாகக் கேட்டால், "அங்கயும் தேயில, இங்கயும் தேயில. அங்க அட்ட கொஞ்சம் சின்னது" என்று முடித்துவிடுவார். பதினைந்து வயதில் கூடை மாட்டினார். புருஷன் வீரையா எஸ்டேட் ஃபேக்டரியில் வாட்ச்மேன். மகள் சுமலதா எட்டாவது படிக்கும்போது அவர் மாரடைப்பில் போய்விட்டார். அடுத்த வாரமே சின்னம்மை வேலைக்குப் போனார், மகளை வளர்த்தார். இப்போது சுமலதாவும் அதே எஸ்டேட்டில்தான் கொழுந்து எடுக்கிறாள். அம்மாவும் மகளும் எஸ்டேட் தொழிலாளிகளுக்குக் கொடுக்கிற வரிசை வீட்டில், லயத்தில், இருக்கிறார்கள்.

லயத்துக்கு மேலே, எஸ்டேட் எல்லை முடிகிற இடத்தில் அட்டைச்சோலை இருக்கிறது. வனத்துறைக்குச் சொந்தமான காடு. பெரிய காடு என்று சொல்ல முடியாது. ஒரு பள்ளத்தை அடைத்துக்கொண்டு ஐம்பது ஏக்கர் இருந்தால் அதிகம். அதன் அடியில் ஒரு ஊற்று. லயத்தில் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் குடிதண்ணீர் அந்த ஊற்றிலிருந்துதான் கருப்புக் குழாயில் இறங்கி வருகிறது. குழாயில் இலை அடைத்துக்கொண்டால் யார் ஏறிப்போய் எடுத்துவிடுவது என்று லயத்தில் எப்போதும் தகராறு நடக்கும். தகராறு முடிவதற்குள் சின்னம்மை போய் எடுத்துவிட்டு வந்திருப்பார்.

அப்படிப் போய்வந்த காலத்தில்தான் அவர் அதைக் கவனித்திருக்கிறார். வருடத்துக்கு வருடம் உண்ணிச்செடி ஓரத்திலிருந்து சோலைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அதற்குத் துணையாக, நாங்கள் கம்யூனிஸ்ட் பச்சை என்று சொல்கிற செடி. இரண்டும் சேர்ந்து முள்ளும் புதருமாக ஆள் உயரத்துக்கு நின்றன. கோடையில் ஊற்று மெலிந்துகொண்டே வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

கொரோனாவுக்கு இரண்டு வருடம் முன்பு, களைச்செடி அகற்றத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று வன அலுவலகத்தில் அறிவித்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு வேன் வந்தது. எல்லோரும் ஒரே மாதிரி பச்சை டீ ஷர்ட். ஆளுக்கு நாலு செடியைப் பிடுங்கினார்கள், நாற்பது போட்டோ எடுத்தார்கள், எலுமிச்சை சாதம் சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் குழாயைப் பார்க்க வந்த சின்னம்மை நின்று வேடிக்கை பார்த்தவர், அங்கிருந்த வனவர் பரமசிவனிடம் நேராகப் போய்விட்டார்.

"ஐயா, இவுங்க மேலாக்கப் புடுங்கிட்டுப் போறாங்க. வேரு உள்ளயே நிக்கிது. ரெண்டு மழ பேஞ்சா முன்னவிட அடர்த்தியா வந்துரும்."

பரமசிவன் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். "அப்படீங்களா? அப்ப நீங்களே வந்து எப்படின்னு காட்டுங்கம்மா" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, பதினாலு பெண்கள் மண்வெட்டியும் சொரண்டியுமாகச் சோலை ஓரத்தில் வந்து நின்றார்கள். இடுப்பில், கொழுந்து எடுக்கும்போது ஈரம் படாமல் கட்டுவதுபோலச் சாக்கு. பேச்சு வாக்கில் சொன்னதற்கு இவ்வளவு ஆள் வரும் என்று அவர் நினைக்கவில்லை.

தேயிலைக்காட்டில் வேலை நடக்கிற முறையிலேயே இவர்கள் இங்கும் செய்தார்கள். கொழுந்து எடுக்கும்போது ஆளுக்கு ஒரு நிரை. தன் நிரையை விட்டு அடுத்தவள் நிரைக்குள் போகக் கூடாது, தன் நிரையில் எதையும் விட்டுவைக்கவும் கூடாது. எல்லோரும் ஒரே வரிசையாக மேலே ஏறவேண்டும். பின்தங்கியவளுக்குப் பக்கத்து நிரைக்காரி கைகொடுக்க வேண்டும். சோலையிலும் இரண்டு கை அகலத்துக்கு ஒரு நிரை என்று சின்னம்மை பிரித்துவிட்டார். உண்ணிச்செடியை மண்ணுக்கு நாலு விரல் கீழே தோண்டி வேர்முடிச்சோடு வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். வேர் வெயிலில் காய்ந்துவிடும், மறுபடி துளிர்க்காது. டீ ஷர்ட் கூட்டம் ஒருநாள் முழுக்க எடுத்ததை இவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள்.

ஆறு நாள் எஸ்டேட் வேலை, ஏழாவது நாள் சோலை. துணி துவைக்கவும் ரேஷனுக்குப் போகவும் அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு இருந்தது. கூலி கிடையாது, டீகூட வீட்டிலிருந்து கொண்டுபோனதுதான். "உங்களுக்கு என்ன கிறுக்கா?" என்று லயத்து ஆம்பளைகள் கேட்டார்கள். "ஆமா, தண்ணி குடிக்கிற கிறுக்கு" என்றாராம் கருப்பம்மாள். சின்னம்மையோடு ஒரே நிரைக்காட்டில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், வாய்க்கு யாரும் பக்கத்தில் நிற்க முடியாது.

பரமசிவன் முதல் மூன்று வாரம், உண்ணிச்செடி மட்டுமே நின்ற ஓரத்தை எடுக்கும்வரை, கூட இருந்தார். பிறகு அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, நீண்ட லீவில் ஊருக்குப் போய்விட்டார். வேலை நிற்கவில்லை. ஜனவரிக்குள் ரெண்டரை ஏக்கர் முடிந்தது. ரேஞ்சர் ஒருநாள் ரோட்டில் ஜீப்பை நிறுத்தி மேலே பார்த்தார். பெரிய மரங்கள் நிற்க, அடியில் தரை அப்படியே பெருக்கிவிட்ட மாதிரி தெரிந்தது. சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். அவர் அசந்துபோனார். குடியரசு தினத்தன்று மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, 'சிறந்த இயற்கைப் பாதுகாப்புத் தன்னார்வலர்' என்று சின்னம்மைக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தச் சுத்தமான தரையின் போட்டோ பேப்பரில் வந்தது. சின்னம்மை அந்தப் பேப்பரை என் கடைக்குக் கொண்டுவந்து லேமினேட் பண்ணச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிப்ரவரியில் பரமசிவன் லீவு முடிந்து வந்தார். வந்த ஞாயிற்றுக்கிழமையே சோலைக்கு ஏறினார். உள்ளே இருபது அடி நடந்தவர் நின்றுவிட்டார்.

"ஏனுங்கம்மா, இங்கிருந்த கன்னெல்லாம் எங்கீங்க?"

"என்னா கன்னு ஐயா?" என்றார் சின்னம்மை.

"மரக்கன்னுங்கம்மா. நாவல், காட்டுப்பட்டை, அயனிப்பலா. புதருக்கு அடியில முழங்கால் ஒசரத்துக்கு ஆயிரக்கணக்குல நின்னுதுங்களே."

யாருக்கும் புரியவில்லை. பரமசிவன் செடி குவித்து வைத்திருந்த இடத்துக்குப் போய்க் குவியலைக் கிளறினார். உண்ணிச்செடிக்கு நடுவிலிருந்து காய்ந்த குச்சிகளை ஒவ்வொன்றாக உருவி, ஒரு பாறைமேல் வரிசையாக வைத்தார். வேரோடு, ஒடியாமல், மிகச் சுத்தமாகப் பிடுங்கப்பட்ட கன்றுகள். நாற்பது ஐம்பது வைத்தபிறகு அவரால் முடியவில்லை, உட்கார்ந்துவிட்டார். "கிழட்டு மரமெல்லாம் விழுந்தா அடுத்து நிக்கவேண்டியது இதுங்கதானுங்கம்மா" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று கருப்பம்மாள் பிறகு என்னிடம் சொன்னார்.

வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. டீ ஷர்ட் பிள்ளைகள் செய்திருக்க மாட்டார்கள், அவர்களுக்கு அந்த அளவு வேலை தெரியாது. தேயிலைக்காட்டில் தேயிலை தவிர முளைக்கிற அத்தனையும் களை. ஒரு செடியை விட்டுவைத்தால் கங்காணி நிரைக்கே திரும்ப அனுப்புவார். நாற்பது வருடமாக அந்தக் கைகளுக்கு அதுதான் பாடம். கண் பார்ப்பதற்கு முன்னாலேயே கை போய்ப் பிடுங்கிவிடும். கருப்பம்மாள் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார். பிடுங்க முடியாமல் நின்ற குத்துச்செடிகளை எல்லாம் தேயிலையைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தியால், தேயிலைச்செடி போலவே இடுப்பு உயரத்துக்கு ஒரே மட்டமாக வெட்டிவிட்டிருந்தார். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அப்புறம் சின்னம்மையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

ரேஞ்சர் அனுமதியை ரத்து செய்தார். சோலைக்குப் போகிற பாதையில் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். குழாய் அடைத்தால் வனக் காவலர் வந்துதான் திறக்கவேண்டும் என்று உத்தரவு. அந்த ஆகஸ்டில் பெய்த மழை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். பிடிமானம் இல்லாத மண் ஊற்றுக்குள் சரிந்தது. மூன்று வாரம் லயத்துக் குழாயில் செம்மண் தண்ணீர். குழாயடியில் சின்னம்மை குடத்தை வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள், "பொன்னாட போத்துனாங்களே, அதுல வடிகட்டிக் குடிக்கவா?" சின்னம்மை குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் பதில் சொல்லாமல் இருந்தது அன்றைக்கு ஒருநாள்தான் என்று நினைக்கிறேன்.

அதற்கு மறுநாள் என் கடைக்கு வந்தார். விஷயம் இதுதான். உண்ணிச்செடியின் விதை மண்ணுக்குள் கிடக்கிறது. அந்த ரெண்டரை ஏக்கரைச் சும்மா விட்டால் இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி மூடிவிடும். முன்பாவது புதருக்கு அடியில் கன்றுகள் காத்திருந்தன, இனி அவையும் இல்லை. சோலையின் அந்தப் பக்கம் அத்தோடு முடிந்தது. தான் கெடுத்ததைத் தானே சரிசெய்ய வேண்டும், அதற்கு உள்ளே விடவேண்டும். சின்னம்மைக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நான் மனு எழுதுகிறவன். எது செல்லும் எது செல்லாது என்று எனக்குத் தெரியும். "விவரம் தெரியாத ஏழைத் தொழிலாளிகள், தெரியாமல் நடந்துவிட்டது, எது களை எது கன்று என்று சொல்லித்தர வேண்டிய வனவர் லீவில் போய்விட்டார், அப்படின்னு எழுதுவோம். பத்து நாள்ல சங்கிலி கழலும்" என்றேன்.

"பரமசிவன் ஐயா பேரு வேண்டாங்கண்ணே."

"அவர் சொல்லியிருந்தா நீங்க புடுங்கியிருப்பீங்களா?"

"அவரு அம்மாவப் பாக்கப் போனாரு. கேக்காம செஞ்சது நானு. தெரியாம செஞ்சோம்னும் எழுதாதீங்க. தெரிஞ்ச வேலையத்தான் செஞ்சோம். நல்லாத் தெரிஞ்ச வேல. அதுனாலதான் கெட்டுச்சு. அப்புடியே எழுதுங்க."

"அப்படி எழுதினா ஜென்மத்துக்கும் உள்ள விடமாட்டாங்க!" என்று கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"பொய் எழுதி உள்ள போயி அந்த மண்ணுல எப்புடி நிக்கிறது?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னபடியே அடித்தேன். கடைசியில் பையிலிருந்து அந்தச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தார். மனுவோடு இதையும் சேர்த்து அனுப்பவேண்டுமாம். இது ரெண்டரை ஏக்கரைச் சுத்தம் பண்ணினதற்குக் கொடுத்தது, சுத்தம் பண்ணினதுதான் தப்பு என்று ஆனபிறகு வைத்துக்கொள்வது முறையில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். மானம் கெட்ட வேலை என்று நான் சொன்னேன். அதற்கும் மசியவில்லை. மனு போனது. பதில் வரவில்லை. இரண்டாவது போனது, மூன்றாவது போனது. ஒன்றுக்கும் பதில் இல்லை.

பதில் வராத அந்தக் காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு தவறணை போட்டார். நாற்று வளர்க்கிற இடத்தை இலங்கையிலிருந்து வந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இளவயதில் எஸ்டேட்டின் தேயிலைத் தவறணையில் ஏழெட்டு வருடம் வேலை பார்த்த அனுபவம் அவருக்கு உண்டு. சோலைக்குள் போகத்தான் தடை, சோலைக்குக் கீழே எஸ்டேட் ரோட்டில் நடக்கத் தடை இல்லையே. ரோட்டில் விழுந்த நாவல் கொட்டை, பறவை எச்சத்தில் கிடந்த விதை, மரநாய் ராத்திரி போட்டுவிட்டுப் போன எச்சத்தில் இருந்த கொட்டைகள் என்று எல்லாவற்றையும் பொறுக்கினார். கழுவிய பால் கவரில் மண் போட்டு ஊன்றினார். என்ன முளைக்கிறது என்று தெரியாது. முளைத்தபிறகு ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு பரமசிவனிடம் போய்ப் பேர் கேட்டு வருவார். பரமசிவனும் தன் வேலை முடிந்து போகிற வழியில் எட்டிப் பார்ப்பார். அதற்கு உத்தரவு தேவையில்லை.

லாக்டவுன் வந்தது. உலகமே கதவைச் சாத்தியபோது லயத்துப் பெண்கள் தவறணையில் இருந்தார்கள். அப்போதுதான் சின்னம்மை ஒரு வழி கண்டுபிடித்தார். பதினாலு பேரும் ஆளுக்குப் பத்துக் கன்று வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு வருடம் வளர்க்க வேண்டும். ஆட்டிடமிருந்தும் கோழியிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும். தினம் இலையைத் தடவிப் பார்க்க வேண்டும். எதற்கு என்று கேட்டேன்.

"கண்ணுக்குச் சொல்லிக்குடுத்துப் பிரயோசனம் இல்லண்ணே, கைக்குச் சொல்லிக்குடுக்கணும். வளத்த புள்ளைய கை புடுங்காது."

கருப்பம்மாளின் பத்தில் நாலை ஆடு தின்றுவிட்டது. அன்று அவர் ஆட்டைத் துரத்திக்கொண்டு ஃபேக்டரி வரை ஓடியதை ஊரே பார்த்தது. ஒன்றரை வருடம் முன்பு இதே கன்றுகளைக் கட்டுக்கட்டாகப் பிடுங்கிப் போட்டவரா இவர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நாலாவது மனுவில் சின்னம்மை களை எடுக்க அனுமதி கேட்கவில்லை. "நாங்கள் எடுத்ததைத் திருப்பி வைக்க அனுமதி வேண்டும்" என்று மட்டும் அடிக்கச் சொன்னார். மூன்று வரி. நான் எதிர்த்துப் பேசவில்லை, பேசிப் பேசி எனக்கே சலித்துவிட்டது. இந்த மனுவுக்கு ரேஞ்சர் பதில் எழுதவில்லை, ஆளே வந்துவிட்டார். சான்றிதழ் கொடுத்த அதே ரேஞ்சர். தவறணையிலும், லயத்து வாசல்களிலும், சாக்கடைத் திண்டிலும், தகரக் கூரையின் ஓரத்திலும் பால் கவர்களில் ஆயிரத்து நூறு கன்று நிற்பதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "வளர்க்கத் தெரியுதுன்னு ஒத்துக்கறேன். விட்டுவைக்கத் தெரியுதான்னு பாக்கணும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோலை ஓரத்தில் நாலு குச்சி நட்டு ஒரு இடத்தை அளந்து வைத்தார்கள். உண்ணிச்செடி மூடிய இடம். உள்ளே எத்தனை மரக்கன்று இருக்கிறது என்று பரமசிவனை விட்டு முன்னாலேயே எண்ணச் சொல்லியிருந்தார் ரேஞ்சர். பதினாலு பெண்களும் நிரை பிடித்துக் களை எடுக்க வேண்டும், முடிந்தபின் கன்றுகளை மறுபடி எண்ணுவார்கள். குறைந்தால் சங்கிலி அப்படியே இருக்கும். நானும் போயிருந்தேன். மனு அடித்தவனுக்கு முடிவு தெரியவேண்டாமா? காலுறைக்குள் நாலு அட்டை ஏறியதுகூடத் தெரியாமல் நின்றேன்.

அவர்கள் வேலை செய்த விதமே மாறியிருந்தது. ஒவ்வொரு செடியையும் விரலால் தொட்டு, இலையைத் திருப்பிப் பார்த்து, பிறகுதான் சொரண்டியைப் போட்டார்கள். பழைய வேகத்தில் கால்வாசி இல்லை. பேச்சு மட்டும் குறையவில்லை. கருப்பம்மாள் ஏதோ சொல்லிச் சிரிக்க, சின்னம்மையும் சிரித்து ஏதோ பதில் சொன்னார். ஒரு நிமிடம் கழித்து சின்னம்மை எழுந்து நின்றார். கையில் ஒரு சின்னக் கன்று, வேரோடு.

"சார், ஒன்னு போச்சு."

ரேஞ்சர் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன?"

"காட்டுப்பட்ட. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தேன், கை போயிருச்சு."

பரமசிவன் தலையில் கை வைத்துக்கொண்டார். "யம்மா, யாரு பாத்தா இப்ப?" என்று சுமலதா பல்லைக் கடித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இடத்திலேயே சின்னம்மையைத் திட்டியிருப்பேன். சாக்கு மடிப்பில் அந்தக் கன்றைச் செருகிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் அதைக் கையில் பிடித்தபடி நின்றார். இரண்டு வருடம் நடந்து நடந்து வந்த இடத்தில் தன் கையாலேயே எல்லாம் போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கண் நிறைந்துவிட்டது.

ரேஞ்சர் வந்து கன்றை வாங்கினார். ஒரு இலையைக் கசக்கி, பட்டை வாசனையா என்று மோந்து பார்த்தார். "மீதி வேலைய முடிங்கம்மா" என்றார். முடித்தார்கள். பரமசிவன் இரண்டு முறை எண்ணினார். முன்னால் அறுபத்து மூன்று, இப்போது அறுபத்திரண்டு.

"அந்த ஒன்னை நான் எண்ணித்தான் கண்டுபிடிச்சிருக்கணும். நீங்களே சொல்லிட்டீங்க. நான் இல்லாத நாள்லயும் சொல்வீங்க" என்றார் ரேஞ்சர். ஜீப் பானெட்மேல் காகிதத்தை வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். கருப்பம்மாள் சின்னம்மையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இனிமே காட்டுக்குள்ள வாயத் தொறந்தா செருப்பால அடி என்னைய" என்று அழுதார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வாய் திறந்துவிட்டது, அது வேறு விஷயம்.

ஆயிரத்து நூறும் அந்த வருட மழைக்கு முன்னால் மண்ணுக்குப் போனது. பாதியைக் கடமான் தின்றது. மறுபடி வைத்தார்கள். ஒரு கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். துளிர்த்த உண்ணிச்செடியை மாதா மாதம் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். ஊற்று தெளிந்தது, குழாயடிப் பேச்சும் தெளிந்தது. தேவாலாவிலிருந்தும் பந்தலூரிலிருந்தும் புதிதாக ஆட்கள் சேர்ந்தார்கள், காலேஜ் பிள்ளைகள் உட்பட. யாராக இருந்தாலும் முதலில் பத்துக் கன்று வீட்டில் வளர்த்துக் காட்டவேண்டும் என்பது சட்டம். டீ ஷர்ட் போட்டு வந்த ஒரு கம்பெனி ஆள் 'அவ்வளவு நேரம் இல்லையே' என்றதற்கு, "அப்ப டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்று சின்னம்மை அனுப்பிவிட்டார்.

வன அலுவலகத்தில் இரண்டு முறை அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. இந்த வருடம் மறுபடி கேட்டார்கள். பதினாலு பேரையும் கூப்பிட்டால் வருகிறேன் என்றார். பதினாலு பேரையும் கூப்பிட்டார்கள். கருப்பம்மாள் தனக்குப் போர்த்திய பொன்னாடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்த அழகை நான் முன்வரிசையிலிருந்து பார்த்தேன். பரமசிவன் இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார், கோபியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். ஊட்டியிலிருந்து வந்த அதிகாரி மனம் நெகிழ்ந்து, "உங்களுக்கு என்ன வேணும், கேளுங்கம்மா, என்னால முடிஞ்சதைச் செய்யறேன்" என்று மைக்கிலேயே கேட்டார்.

"மனுவா எழுதிக் கொண்டாரேங்கையா" என்றார் சின்னம்மை.

எனக்குக் கை பரபரத்தது. இப்படி ஒரு சந்தர்ப்பம் வாழ்க்கையில் ஒருமுறைதான் வரும். சுமலதா ரிட்டயர் ஆனால் லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும், இவர்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. மறுநாள் காலை அவர் கடைக்கு வருவதற்கு முன்னாலேயே, 'பொருள்: வீட்டுமனைப் பட்டா வழங்கக் கோருதல்' என்று தலைப்பை அடித்து வைத்துவிட்டேன்.

அவர் வந்தார். தலைப்பைப் படித்துக் காட்டினேன். சிரித்தார்.

"அது அப்பறம் பாப்பம். போன வாரம் சுமலதாவும் நானும் மேல போனோம்ணே. நாங்க வெச்ச நாவலுக்குக் கீழ கன்னு முளைச்சிருக்கு. நாங்க வெச்சதில்ல. பால் கவரு மண்ணே இல்ல அதுல. தானா வந்தது. ரெண்டு எலதான் விட்டிருக்கு. உக்காந்து எண்ணுனோம், இருநூறுக்கு மேல போகுது. அயனிப்பலா, காட்டுப்பட்ட, எனக்குப் பேரு தெரியாதது எல்லாம் இருக்கு."

"நல்ல விஷயம்தானே. அதுக்கு என்ன மனு?"

"எழுதுங்க. அந்த ரெண்டர ஏக்கருக்கு இனிமே எங்க வேல தேவையில்ல. எங்களுக்குக் குடுத்த அனுமதிய அந்த எடத்துக்கு மட்டும் ரத்து பண்ணணும். பழையபடி சங்கிலி போடணும். யாரையும் உள்ள விடக்கூடாது, எங்க பதினாலு பேரையும் சேத்துத்தான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உள்ள விடுங்கன்னு நாலு மனு! ரெண்டு வருஷம்! இப்ப வெளிய நிறுத்துங்கன்னு ஒரு மனுவா? உங்களைவிட அந்தக் கன்னை யாரு நல்லாப் பாத்துக்கப் போறா?"

"ரெண்டு எலக் கன்னுண்ணே. வெரல் நீளம்கூட இல்ல. எங்களுக்கு அதுமேல ஆச வந்துருச்சு, தெனம் போயிப் பாக்கத் தோணுது. போனா சும்மா நிப்போமா? ஒரு நாளு பேசிக்கிட்டே இருக்கையில கை போயிரும். நாப்பது வருசப் பழக்கம், முழுசாப் போகல. அதையும் எழுதுங்க."

'வீட்டுமனைப் பட்டா' என்று இருந்த தலைப்பை அழித்தேன். அவர் சொல்லச் சொல்ல ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அடித்தேன். 'எங்கள் கைக்கு இன்னும் அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை, ஆகவே எங்களையும் உள்ளே விட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்ற வரி வந்தபோது எனக்குக் கண் மறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். சின்னம்மை அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சுவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பதினாலு பேருக்கும் கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறேனா என்று எண்ணிப் பார்த்தார். முதல் இடத்தில், என் பேனாவை வாங்கி, மெதுவாக எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார்.